வகுப்புக்குள் சம்பளமும் அபராதமும்: எந்த வகுப்புக்கு எந்த முறை?

பிரம்பைப் பற்றி இனிப் பேச ஒன்றுமில்லை. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடை செய்திருக்கிறது. பெஞ்சு மேல் ஏற்றுவது, முட்டி போட வைப்பது, "நீயெல்லாம் எங்கடா உருப்படப் போற" என்று எல்லோர் முன்னும் கேட்பது எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். எனக்கு அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வரும் பீரியடில், 35 பேர் இருக்கும் ஏழாம் வகுப்பை எப்படி உட்கார வைப்பது என்று சட்டம் சொல்லித் தராது. அது ஆசிரியர் பாடு.

இதற்கு ஒரு வழியாக இப்போது அடிக்கடி சொல்லப்படுவது வகுப்பறைப் பொருளாதாரம். வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வேலை: பலகை துடைப்பது, நோட்டுகளை வாங்கி அடுக்குவது, மின்விசிறியை அணைப்பது, வருகைப் பதிவேட்டை ஹெச்.எம். அறையில் கொடுத்துவிட்டு வருவது. வேலைக்கு வாரச் சம்பளம், வகுப்புக்கென்றே செல்லுபடியாகும் ஒரு பணத்தில். நன்றாக நடந்துகொண்டால் போனஸ், விதியை மீறினால் அபராதம். சேர்த்த பணத்தில் சின்னச் சின்னச் சலுகைகளையோ பொருள்களையோ வாங்கிக்கொள்ளலாம். அமெரிக்காவில் வான்கார்ட் என்ற முதலீட்டு நிறுவனத்தின் ஊழியர்கள் உருவாக்கி இலவசமாகக் கொடுக்கும் 'மை கிளாஸ்ரூம் எகானமி' திட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் பிள்ளைகள் தாங்கள் உட்காரும் மேசைக்கு வாடகை கட்ட வேண்டும். பணம் சேர்த்தால் மேசையையே விலைக்கு வாங்கிவிடலாம்.

காணொளிகளில் பார்க்க அழகாக இருக்கிறது. நம் வகுப்பில் எடுபடுமா, அல்லது இதைவிடச் செலவும் அலைச்சலும் குறைந்த வேறு முறை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையும் சம்பளமும் வைத்துக்கொள்ளுங்கள், அபராதத்தையும் வாடகையையும் விட்டுவிடுங்கள். சத்தம் மட்டும்தான் உங்கள் பிரச்சினை என்றால் பொருளாதாரம் எதுவும் வேண்டாம், குழு விளையாட்டு ஒன்று போதும். ஒரு வகுப்புக்கு நாளுக்கு ஒரு பீரியட் மட்டும் போகிறவர் பொருளாதாரத்தில் இறங்கவே வேண்டாம். ஏன் என்பதைப் பார்ப்போம்.

இது புதுசே இல்லை

அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பெல்லாரியின் கலெக்டர் ஏ.டி. காம்பெல், 1823-இல் உள்ளூர்ப் பள்ளிகளைப் பற்றி ஓர் அறிக்கை அனுப்பினார். அதன்படி, காலையில் பள்ளிக்கு முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதி என்று எழுதுவார்கள், அது மரியாதை. இரண்டாவது வருபவன் கையில் ஒரு சுழி, அவனுக்குப் புகழ்ச்சியும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. மூன்றாவது வருபவனுக்கு மெல்ல ஓர் அடி. நான்காவதுக்கு இரண்டு. அப்புறம் வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒன்று கூடுதல். பரிசும் தண்டனையும் கலந்த ஓர் அட்டவணை இது. வீடு தூரமாக இருந்தவன் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அவன் சோம்பேறியா என்று அந்த அட்டவணை கேட்கவில்லை. இந்தக் கேள்வி கடைசிவரை நம்மோடு வரும்.

நல்ல நடத்தைக்குக் கொடுத்து, பிறகு பொருளாக மாற்றிக்கொள்ள விடும் டோக்கனுக்கும் நம் ஊரோடு ஒரு தொடர்பு உண்டு. எழும்பூரில் இருந்த ஆண்கள் அநாதை இல்லத்தை 1789 முதல் 1796 வரை நடத்திய ஆண்ட்ரூ பெல், பெரிய பையன்களைக் கொண்டு சின்னப் பையன்களுக்குக் கற்பிக்கும் முறையை அங்கே நிறுவினார். திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையை அறிந்தவர்களுக்கு அது ஒன்றும் அதிசயமில்லை. சில ஆண்டுகள் கழித்து லண்டனில் இதே போன்ற முறையில் பள்ளி நடத்திய ஜோசஃப் லங்காஸ்டர், நன்றாக நடந்துகொண்ட பிள்ளைகளுக்குச் சீட்டுகள் கொடுத்தார். சீட்டுகளைச் சேர்த்தால் பொம்மையோ பந்தோ வாங்கிக்கொள்ளலாம். 1960-களில் டெயோடோரோ அயியான், நேதன் அஸ்ரின் என்ற இரு உளவியலாளர்கள் இல்லினாய் மாநிலத்தின் அன்னா அரசு மனநல மருத்துவமனையில் நோயாளிகளிடம் டோக்கன் முறையைச் சோதித்து, 1968-இல் புத்தகமாக எழுதினார்கள். அந்தக் காலத்திலேயே அது பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. ஆக, வகுப்பறைப் பொருளாதாரம் என்பது லங்காஸ்டரின் சீட்டுக்கு வங்கிக் கணக்கு திறந்தது மாதிரிதான்.

பலகையில் பேர் எழுதுவது

நம்மில் பெரும்பாலோர் வளர்ந்த முறை இது. ஆசிரியர் வெளியே போனதும் லீடர் பலகையின் ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று எழுதிக் கோடு போடுவான். திரும்பத் திரும்பப் பேசினால் பேருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டு இரண்டு, மூன்று. லீடரின் நண்பர்கள் பேர் அந்தப் பட்டியலில் வந்ததாகச் சரித்திரமே இல்லை. அவனோடு சண்டை போட்டவன் வாயே திறக்காவிட்டாலும் அவன் பேர் இருக்கும்.

செலவு கிடையாது, ஏற்பாடு கிடையாது. அதனால்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் பேர் எழுதியாகிவிட்டது, அடுத்து என்ன? முன்பெல்லாம் ஆசிரியர் வந்து அடிப்பார். அடி இல்லாதபோது அந்தப் பட்டியல் வெறும் அவமானப் பலகை. நன்றாக நடந்துகொள்வது எப்படி என்று அதில் ஒரு பிள்ளையும் கற்றுக்கொள்வதில்லை. ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளைக்குப் போலீசாக வைப்பது எனக்கு எப்போதுமே ஒப்பாதது. இதை இத்தோடு விட்டுவிடலாம்.

செயலியில் புள்ளி

அடுத்தது நட்சத்திர ஸ்டிக்கர், சுவர் சார்ட், அவற்றின் இன்றைய வடிவமான கைபேசிச் செயலிகள். 2011-இல் தொடங்கிய கிளாஸ்டோஜோ இவற்றில் மிகவும் பிரபலம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குட்டி அரக்கன் படம், நல்லது செய்தால் கூட்டல் புள்ளி, தப்புச் செய்தால் கழித்தல். பெற்றோர் தங்கள் கைபேசியில் பார்த்துக்கொள்ளலாம்.

பெற்றோர் தினமும் வாட்ஸ்அப் பார்க்கிற நகரத்துத் தனியார் பள்ளியில் இது நன்றாகவே ஓடும். ஆனால் புள்ளி போட ஆசிரியர் கையில் கைபேசி இருந்துகொண்டே இருக்க வேண்டும். பாடம் நடுவில் திரையைத் தட்டிக்கொண்டிருப்பது பிள்ளைகளுக்கு என்ன சொல்லும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளி ஆசிரியரிடம் இன்னொரு செயலியைப் பற்றி நான் பேச மாட்டேன். கல்வித் துறையின் தகவல் தளமான எமிஸ் பதிவேற்றத்திலேயே அவர்கள் படும் பாடு போதும். இன்னொன்று: பகலில் போட்ட கழித்தல் புள்ளி சாயங்காலம் வீட்டில் அடியாக மாறக்கூடும். பள்ளியில் பிரம்பை ஒழித்துவிட்டு அதைக் கைபேசி வழியாக வீட்டுக்கு அனுப்புவதில் என்ன லாபம்? இந்த முறை உங்களுக்குப் பிடித்திருந்தால் கூட்டல் புள்ளியை மட்டும் பயன்படுத்துங்கள், கழித்தலை அமைப்பிலேயே எடுத்துவிடுங்கள்.

குழு விளையாட்டு

நான் பேசப் போகிறவற்றில் சான்று அதிகம் உள்ளது இதற்குத்தான். ஆனால் காணொளி போடுவதற்கு ஏற்ற பளபளப்பு இல்லாததால் யாரும் பேசுவதில்லை.

1969-இல் ஹேரியட் பேரிஷ், மியூரியல் சாண்டர்ஸ், மான்ட்ரோஸ் உல்ஃப் மூவரும் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் நான்காம் வகுப்பு ஒன்றில் செய்த சோதனை இது. வகுப்பில் 24 பேர். சாண்டர்ஸ்தான் அந்த வகுப்பின் ஆசிரியர். வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். அனுமதி இல்லாமல் எழுந்தாலோ பேசினாலோ அந்த அணிக்குப் பலகையில் ஒரு கோடு. குறைந்த கோடு வாங்கிய அணிக்கு வெற்றி. இரண்டு அணியுமே குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டாமல் இருந்தால் இரண்டுக்கும் வெற்றி. பரிசு என்று காசு செலவாகும் எதுவும் இல்லை: பேருக்கு நேரே ஒரு நட்சத்திரம், சாப்பாட்டு வரிசையில் முதல் இடம், நாள் கடைசியில் பிடித்த வேலை செய்யக் கொஞ்ச நேரம்.

கணக்குப் பீரியடில் விளையாட்டுக்கு முன், கவனிப்பதற்காகப் பிரித்த சிறு நேரத் துண்டுகளில் சுமார் 96 சதவீதத்தில் யாராவது பேசிக்கொண்டிருந்தார்கள். விளையாட்டு தொடங்கியதும் அது சுமார் 19 சதவீதத்துக்கு இறங்கியது. அதே நாள்களில் விளையாட்டு இல்லாத வாசிப்புப் பீரியடில் கூச்சல் பழையபடியே இருந்தது. விளையாட்டை நிறுத்திப் பார்த்தபோது கணக்குப் பீரியடிலும் சத்தம் திரும்பி வந்தது. ஆக, இந்த முறை ஓடும் நேரத்தில் மட்டும் வேலை செய்கிறது. பாட ஆசிரியருக்கு இது குறையே அல்ல, அவருக்கு வேண்டியதே தன் 40 நிமிடம்தான்.

பின்னால் பால்டிமோர் நகரில் 1985-இல் தொடங்கி, ஷெப்பர்ட் கெல்லம் தலைமையில் 19 பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்து, அவர்கள் 20 வயதை ஒட்டி வரும்வரை தொடர்ந்து பார்த்தார்கள். சின்ன வயதில் மிகவும் முரட்டுத்தனமாக இருந்த பையன்களில், இந்த விளையாட்டு நடந்த வகுப்புகளில் படித்தவர்களிடம் பிற்காலப் போதைப் பழக்கம் குறைவாக இருந்தது. பலகையில் கோடு போடும் ஒரு விளையாட்டுக்கு இது பெரிய விஷயம்.

சிக்கலும் உண்டு. ஒரே ஒரு பையன் வேண்டுமென்றே கோடு வாங்கி அணியையே கவிழ்ப்பான், மற்றவர்கள் அவனை வெளியே வைத்துக் கவனித்துக்கொள்வார்கள். கன்சாஸ் வகுப்பிலேயே இது வந்தது. ஆட மறுத்தவர்களை அணியிலிருந்து பிரித்துவிட்டார்கள். அவனைத் தனி அணியாக வைப்பதும், கோடு போடும்போது பேர் சொல்லாமல் "இரண்டாம் அணிக்கு ஒன்று" என்று மட்டும் சொல்வதும் கைகொடுக்கும்.

நம் ஊரில் இன்னொரு எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். அணியைப் பிள்ளைகளே பிரித்துக்கொள்ள விட்டால் தெருவாரியாகப் பிரியும், தெருவாரி என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. நாங்குநேரியில் 2023-இல் பள்ளி மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024-இல் கொடுத்த அறிக்கையில் சாதியை அடையாளம் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யவும் பிள்ளைகளை அகரவரிசைப்படி உட்கார வைக்கவும் பரிந்துரைத்தது. அணியையும் வருகைப் பதிவேட்டு எண் பார்த்து ஆசிரியரே பிரிக்க வேண்டும், மாதம் ஒருமுறை கலைத்துப் போட வேண்டும். அணிக்கு நிறம் கொடுக்காதீர்கள், எண் போதும்.

முழுப் பொருளாதாரம்

இப்போது முக்கியமானதற்கு வருவோம். இதை ஒரே பொருளாகப் பார்த்து "வேண்டும், வேண்டாம்" என்று சொல்வதில்தான் குழப்பம் வருகிறது. வேலை, சம்பளம், அபராதம், வாடகை, கடை என்று ஐந்து பகுதிகள் இதில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு வேறு விளைவைத் தருகிறது.

அபராதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் நடத்தையைத் திருத்தும் கருவி என்று ஆசிரியர்கள் நம்புவது இதைத்தான். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைக் காப்பகங்களில் நடந்த ஆய்வை யூரி நீஸி, ஆல்டோ ருஸ்டிகினி இருவரும் 2000-இல் வெளியிட்டார்கள். பிள்ளையைக் கூட்டிப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு ஆறு காப்பகங்களில் சிறு அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரு மடங்கானது. அபராதம் வருவதற்கு முன் தாமதமாக வந்தால் ஆயாவின் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அபராதம் வந்ததும் அது ஒரு கட்டணம், கட்டிவிட்டால் சங்கடம் தீர்ந்தது. பிறகு அபராதத்தை எடுத்தபோதும் தாமதம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. வகுப்பிலும் இதுதான் நடக்கும். "மிஸ், இன்னைக்கு ஹோம்வொர்க் பண்ணலை, இருபது எடுத்துக்கோங்க" என்று வசதியாக இருக்கிற பையன் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவான். நன்றாகப் படிக்கிற, சம்பளமும் போனஸும் சேர்த்து வைத்திருக்கிற பையன்தான் அப்படிச் சொல்வான்.

அதே நேரத்தில் மறுமுனையில் ஒருவன் கடனில் விழுவான். அவன் யார் என்று எந்த ஆசிரியரும் முன்கூட்டியே சொல்லிவிட முடியும். உட்கார முடியாதவன், தங்கையைப் பள்ளியில் விட்டுவிட்டு ஓடி வருவதால் தாமதமாகிறவன், வீட்டில் எழுத இடமில்லாததால் வீட்டுப்பாடம் முடிக்காதவன். பெல்லாரிப் பள்ளியில் கடைசியாக வந்தவன் இவன்தான். பத்து அபராதத்துக்குப் பிறகு கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டால் அவனிடம் இழக்க ஒன்றுமில்லை. இந்த முறையே அவனுக்காகத்தான் கொண்டுவரப்பட்டது, அவன் மீது மட்டும் அது வேலை செய்யாமல் போகும். அபராதத்தை நான் அடியோடு எதிர்ப்பதற்குக் காரணம் இதுதான். கடன்காரர் பட்டியலைச் சுவரில் ஒட்டினால் நேராகச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுக்குள் போய் நிற்பீர்கள் என்பது வேறு.

வாடகை? அமெரிக்காவில் வீட்டு வாடகை, கடன் தவணை என்று வாழ்க்கைக்குப் பழக்குவதாகச் சொல்கிறார்கள். இங்கே இலவசக் கல்வி என்பது பிள்ளையின் உரிமை. விளையாட்டுப் பணமே என்றாலும், உட்காரும் இடத்துக்குக் காசு கொடு என்று ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இருக்கையை விற்பதும் ஏலம் விடுவதும் அதைவிட மோசம். 'நண்பன் பக்கத்தில் உட்காரும் உரிமை' வெளிநாட்டு வகுப்புக் கடைகளில் நன்றாக விற்கும் சரக்கு. யார் பக்கத்தில் யார் உட்கார்கிறார்கள் என்பது இங்கே எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சந்துரு குழு அறிக்கை படித்தவர்களுக்கு விளக்க வேண்டாம்.

வேலை என்ற பகுதிதான் தங்கம். சும்மா இருக்க முடியாத பையனுக்கு ஒரு பொறுப்பைக் கொடுத்தால் அவன் மாறுவதை எல்லா ஆசிரியரும் பார்த்திருப்பார்கள். பொருளாதாரத்தின் பலன் என்று சொல்லப்படுவதில் பாதிக்கு மேல் இந்த வேலைகளின் பலன் என்பது என் கணிப்பு. ஆனால் வேலையை யாருக்கு எது என்று பிரிப்பதில் ஆசிரியர் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. விட்டால் பெண் பிள்ளைகள் கூட்டுவார்கள், ஆண் பிள்ளைகள் பெஞ்சைத் தூக்குவார்கள், நன்றாகப் படிக்கிறவன் வங்கி மேலாளர் ஆவான். துடைப்பம் யார் கையில் போகிறது என்று பாருங்கள். கழிவறை சுத்தம் செய்வது எந்தக் காரணத்தைக் கொண்டும் பிள்ளைகள் வேலைப் பட்டியலில் இருக்கக் கூடாது. குறிப்பிட்ட சமூகத்துப் பிள்ளைகளை அதைச் செய்ய வைத்ததாக நம் மாநிலத்தில் வழக்குகளே வந்திருக்கின்றன. மற்ற வேலைகளைக் குலுக்கல் சீட்டுப் போட்டு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். எல்லா வேலைக்கும் ஒரே சம்பளம். "நிஜ உலகில் அப்படி இல்லையே" என்பார்கள். நிஜ உலகம் எப்படி என்று அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும்.

சம்பளத்தில் இருக்கும் சிக்கல் பணவீக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 35 பேர், வாரம் ஆளுக்கு 100 என்றால் வாரத்துக்கு 3,500 வெளியே போகிறது. கடையில் வாரம் 1,500-க்கு விற்பனை நடந்தால் மீதி 2,000 பிள்ளைகளிடம் சேர்கிறது. பத்து வாரத்தில் 20,000. அப்போது ஒரு பேனாவை ஏலம் விட்டால் 30-க்குப் போக வேண்டியது 600-க்குப் போகும், முதல் வாரம் ஆசையாகச் சேர்த்த 100-க்கு மதிப்பே இருக்காது. வாடகையும் அபராதமும் இந்தப் பணத்தைத் திரும்ப உறிஞ்சும் குழாய்களாகத்தான் அந்தத் திட்டங்களில் இருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் வேறு குழாய் வேண்டும். எளிய வழி, சம்பளத்தைக் குறைவாக வைத்து, கடையில் காசே செலவாகாத சரக்கை நிறைய வைப்பது: ஒரு நாள் திருக்குறளைப் பலகையில் எழுதுவது, மணி அடிப்பது, பி.டி. பீரியடில் என்ன விளையாட்டு என்று தேர்ந்தெடுப்பது, ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பாடத்தை வாசிப்பது, காலை வழிபாட்டில் செய்தி வாசிப்பது. மொத்த வகுப்பும் சேர்ந்து பணம் போட்டு வாங்கும் ஒரு பெரிய சரக்கும் இருக்கட்டும், மரத்தடியில் ஒரு கதைப் பீரியட் மாதிரி. இது நிறைய பணத்தை ஒரே இழுப்பில் திரும்ப எடுத்துவிடும்.

விற்கக் கூடாதவை: கழிவறைக்குப் போகும் அனுமதி, தண்ணீர், சாப்பாடு, ஆசிரியர் விளக்கிச் சொல்வது. முதலாவதைச் சில வெளிநாட்டு வகுப்புகளில் விற்கிறார்கள். வளரும் பெண் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

காகிதப் பணம் வேண்டாம், பாஸ்புக் போதும். காகிதம் தொலையும், திருடு போகும், நகல் எடுக்கப்படும். ரூபாய் நோட்டு மாதிரியே அச்சிடுவது சட்டப்படியும் குற்றம். அப்புறம், கையில் பணம் புழங்கினால் வட்டிக்கு விடுகிறவன் ஒருவன் ஒரு மாதத்தில் கிளம்பிவிடுவான். இதை நாம் சொல்லித் தரவே வேண்டாம். பாஸ்புக்கில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் 35 பாஸ்புக்கில் வரவு வைக்க ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலும் ஒரு பீரியட் போய்விடும். மூன்று பிள்ளைகளை வங்கி ஊழியராக்கினால் கால் மணி நேரத்தில் முடியும். பழைய சஞ்சாயிகா சிறுசேமிப்பில் பிள்ளைகளே கணக்கு எழுதியதைப் பார்த்த தலைமுறைக்கு இது அந்நியமாக இருக்காது. ஏழாம் வகுப்புக் கணக்கில் சதவீதமும் தனிவட்டியும் வருகின்றன. வகுப்பு வங்கி ஆறு மாதம் ஓடினால் அந்தப் பாடத்தை நடத்துவது பாதி வேலைதான்.

எதற்குச் சம்பளம் தரக் கூடாது என்பதும் முக்கியம். மார்க் லெப்பர் குழுவினர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில், படம் வரைவதை ஏற்கெனவே விரும்பும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலரிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்பே சொல்லி, வரைந்ததும் கொடுத்தார்கள். சில நாள்கள் கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறையப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் சான்றிதழ் கிடைத்தவர்களுக்கு அப்படி ஆகவில்லை. ஆகவே கதைப் புத்தகம் படிக்க, கூடப் படிப்பவனுக்கு உதவ, கேள்வி கேட்கக் காசு கொடுக்காதீர்கள். பலகை துடைக்கக் கொடுங்கள். பலகை துடைப்பதை உள்ளூர விரும்பிக் கெட்டுப்போகிறவர் யாருமில்லை.

காசே இல்லாத வழி

பரிசும் வேண்டாம், புள்ளியும் வேண்டாம், வாரம் ஒருமுறை வட்டமாக உட்கார்ந்து பிள்ளைகளே விதி போடட்டும், தகராறு வந்தால் அவர்களே பேசித் தீர்க்கட்டும் என்பது ஐந்தாவது வழி. கொள்கை அளவில் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் பலன் தெரிய ஒரு பருவம் ஆகும். முதல் மாதம் வட்டத்தில் லீடரும் இரண்டு வாயாடிகளும் மட்டுமே பேசுவார்கள். புதிதாகப் பணியில் சேர்ந்து, வகுப்பு கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிற ஆசிரியருக்கு இதை மட்டும் கொடுப்பது நியாயமில்லை. வேறு எதனோடும் சேர்த்துக்கொள்ளலாம். கடையில் என்ன விற்பது, என்ன விலை என்பதை இந்த வட்டத்தில் முடிவு செய்தாலே இரண்டும் சேர்ந்துவிடும்.

எது யாருக்கு

ஒரே வகுப்போடு நாள் முழுவதும் இருக்கும் நான்காம், ஐந்தாம் வகுப்பு ஆசிரியருக்கு வேலை, சம்பளம், பாஸ்புக், கடை. இதைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஓராசிரியர் அல்லது ஈராசிரியர் பள்ளியில் பல வகுப்புகள் சேர்ந்து உட்கார்ந்தால் இன்னும் நல்லது, பெரியவர்கள் வங்கி நடத்துவார்கள், சின்னவர்கள் கடைக்கு வருவார்கள். ஒன்று, இரண்டாம் வகுப்பில் வேண்டாம். வெள்ளிக்கிழமைச் சம்பளத்துக்காகத் திங்கட்கிழமை காத்திருக்கும் வயதில்லை அது. அங்கே உடனுக்குடன் ஒரு பாராட்டும், வேண்டுமானால் குழு விளையாட்டும்.

ஆறு முதல் எட்டு வரை பாட ஆசிரியராகப் போகிறவருக்குக் குழு விளையாட்டு. தினமும் ஒரே நேரத்தில் 15 நிமிடம் தொடங்கி, இரண்டு வாரத்தில் முழுப் பீரியடுக்கு நீட்டலாம். ஐந்து பாட ஆசிரியர்கள் ஒரே வகுப்பில் ஐந்து விதமான பணம் அச்சடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எல்லோரும் உட்கார்ந்து பேசி ஒரே வங்கி வைத்துக்கொள்ளும் ஒற்றுமை உங்கள் ஆசிரியர் அறையில் இருந்தால் செய்யலாம். நான் பார்த்த ஆசிரியர் அறைகளில் தேநீர்க் கணக்கே ஒத்துவருவதில்லை.

ஒன்பது, பத்தில் சம்பளமும் நட்சத்திரமும் அவர்களுக்கே கேலியாகத் தெரியும். அங்கே வட்டமும் நேர்ப் பேச்சும்தான். வேலைப் பொறுப்புகளை மட்டும் அவர்களுக்கும் கொடுங்கள், காசில்லாமல்.

ஒரு வகுப்பில் 33 பேர் சரியாக இருந்து, இரண்டே பேர்தான் பிரச்சினை என்றால் மேலே சொன்ன எதுவும் விடையில்லை. இரண்டு பேருக்காக 35 பேருக்கு வங்கி திறப்பது வீண். அந்த இருவரோடு தனியாக உட்கார்ந்து, வீட்டில் என்ன நடக்கிறது, கண் தெரிகிறதா, காது கேட்கிறதா, எழுத்துக் கூட்டிப் படிக்க வருகிறதா என்று பார்க்க வேண்டும். பாடம் புரியாமல் எட்டு பீரியட் சும்மா உட்கார்ந்திருக்கச் சொன்னால் நாமும்தான் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவோம்.

தொடங்குவதாக இருந்தால் ஜூனிலேயே எல்லாவற்றையும் அறிவிக்காதீர்கள். முதல் மாதம் வேலைகள் மட்டும். ஜூலையில் பாஸ்புக்கும் சம்பளமும். கடையை ஆகஸ்டில் திறக்கலாம். காலாண்டு விடுமுறை முடிந்து வரும்போது எவ்வளவு பணம் புழங்குகிறது என்று கூட்டிப் பார்த்து விலையைச் சரிசெய்யுங்கள். அரையாண்டுக்குப் பிறகு சம்பளத்தை வாரத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒன்றாக்கி, மார்ச்சில் நிறுத்திவிட்டு, மீதிப் பணத்துக்கு ஒரு ஏலம் நடத்தி வங்கியை மூடிவிடலாம். சம்பளம் நின்ற பிறகும் எத்தனை வேலைகள் தானாக நடக்கின்றன என்று அந்த மாதம் குறித்து வையுங்கள். அடுத்த ஜூனில் சம்பளம் என்ற பகுதி தேவையா, வேலைகள் மட்டும் போதுமா என்று அந்தக் குறிப்பைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.